சந்தனத்துக்கு அடியில் இருந்த எண்

செலியமேட்டு அமுதம் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டுகிறாள். சவாரி இல்லாத நாளில் நடவுக்கும் போவாள். ஆனால் வாரத்தில் மூன்று நாள், என்ன வேலை இருந்தாலும், விடிந்ததும், சிறுநீரகம் பழுதான ஊர்ப் பெரியவர் இன்னாசிமுத்துவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்விடுவாள். இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று நடவு வயலில், முந்தானையில் முடிந்திருந்த கார்ச் சாவி சேற்றில் விழுந்துவிட்டது. கூட நட்ட பெண்கள் எல்லாரும் துழாவினார்கள். கிடைக்கவில்லை. பழைய காராக வாங்கியபோதே ஒரே சாவிதான். மறுநாள் டயாலிசிஸ். முகூர்த்த நாளும்கூட, ஊர்க் கார்களெல்லாம் கல்யாணத்துக்குப் பேசியாகிவிட்டன. இன்னாசிமுத்துவுக்கோ கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

வில்லியனூரிலிருந்து சாவி செய்யும் குமரவேல் பைக்கில் வந்தான். கதவுப் பூட்டை ஆராய்ந்து, வாசலிலேயே சாவி வெட்டினான். கதவு திறந்தது. எஞ்சினும் உறுமியது. அமுதம் கும்பிடுவதற்குள் அது அணைந்துவிட்டது. மறுபடி போட்டாலும் அதே கதை. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

திருட்டுக்குப் பயந்து வைத்த ஏற்பாடு அது என்றான் அவன். சாவித் தலைக்குள் அரிசி அளவு சிப் இருக்கும். அதை அடையாளம் கண்டால்தான் கார் ஓடும். புது சிப்பைப் பழக்க அந்தக் காருக்கென்று உள்ள ரகசிய எண் வேண்டும். கம்பெனியில் கேட்டால் பத்து நாளாகும்.

"வண்டியோட அந்த எண் போட்டு சின்னதா பிளாஸ்டிக் வில்லை ஒண்ணு குடுத்திருப்பாங்களே அக்கா?"

அமுதத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. உள்ளே ஓடி, சாமி படத்தில் மாட்டியிருந்ததை எடுத்துவந்தாள். காரோடு வந்த ராசியான பொருள் என்று நினைத்து, ஏழு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருந்தாள்.

"எண்ணுக்கே பூஜை போட்டிருக்கியே அக்கா. அதான் இத்தினி நாளு ஓடியிருக்கு" என்று சிரித்தான்.

தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தார்கள். எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசி எண் மட்டும் பாதி அழிந்து, மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்று முறை தப்பாகப் போட்டால் கார் பூட்டிக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டு, காரில் செருகிய ஸ்கேனரில் மூன்றைப் போட்டான். ஏற்கவில்லை. எட்டைப் போட்டான். சிவப்பு விளக்கு அணைந்தது. புது சிப் வைத்த சாவியைத் திருப்பினான்; இந்த முறை எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அமுதம் பானெட்டின் மேல் கைவைத்து நின்றாள்.

அவன் கேட்காமலே இன்னொரு சாவியும் செய்து கொடுத்தான். "ஒண்ணு சாமிகிட்ட இருக்கட்டும். முந்தானையில மட்டும் முடியாதக்கா."

மறுநாள் விடிந்ததும் இன்னாசிமுத்து சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். அமுதம் நடந்ததைச் சொல்லி முடிக்கும்போது வண்டி பாகூரைத் தாண்டியிருந்தது.

"அந்தப் புள்ள பேரு இன்னாம்மா?"

"குமரவேல்."

நாலு மணி நேரம் மிஷினோடு படுத்திருக்கும்போதுதான், தனக்கு உதவியவர்களுக்காக அவர் வேண்டிக்கொள்வார். அதுவரை மறந்துவிடக் கூடாதென்று, அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.