நாற்பது தூண்டிலுக்குத் தப்பிய கொடுவா

கொட்டாஞ்சேனை யோசெப்பினுக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் இருபத்தெட்டு வருடமாக டெலிபோன் எடுக்கிறாள். கிழமையில் ஐந்து நாள் அவளை எந்த நேரமும் அந்தக் கதிரையில் பிடிக்கலாம். ஞாயிறு விடிந்தால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. சனிக்கிழமை மாலைப் பூசையிலேயே ஞாயிற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு, இரண்டாகக் கழற்றிய தூண்டில் தடியைப் பழைய சேலைத்துண்டில் சுற்றிக்கொண்டு, முதல் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு ஏறிவிடுவாள்.

"அக்கே, அத மாளு ஹம்பவெய்த?" என்று கண்டக்டர் கேட்பான். இன்றைக்கு மீன் படுமா என்பது அவனுடைய வாராந்தக் கேள்வி.

"பலமு மல்லி," என்பாள். பார்ப்போம் தம்பி என்பது அவளுடைய வாராந்தப் பதில்.

இந்தப் பைத்தியம் பிடித்துப் பன்னிரண்டு வருடமாகிறது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். வெள்ளவத்தையில் கலியாணம் கட்டியிருக்கும் மகள் ரொஷேலைப் பார்க்கப் போன இடத்தில், ரயில் பாதையோரமாகக் கடலைப் பார்த்து நடந்தாள். ஒரு மனிதன் தூண்டிலில் பாரை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தான். நடக்கப் போனவள் நின்றுவிட்டாள். நின்றவள் நின்றவள்தான். சீனி கூடியதா குறைந்ததா என்பது டொக்டருக்கே வெளிச்சம்.

வெள்ளவத்தைக் கடற்கரையைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கம் மரைன் டிரைவ், நடுவில் தண்டவாளம், அந்தப் பக்கம் அலைக்கு அணையாகக் கொட்டிய கருங்கற்கள். யாருக்கும் சொந்தமில்லாத இடம், அதனால் எல்லாருக்கும் சொந்தம். ஞாயிறு காலையில் அந்தக் கற்களில் நாற்பது தூண்டில் நிற்கும். ஒருவனுக்கு மீன் பட்டால் ஐந்தே நிமிடத்தில் அவனுக்கு வலப்புறமும் இடப்புறமும் ஆள் முளைக்கும். படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டால் கதை முடிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவன் சீலா மீனோடு படம் போட்டான். பின்னால் தெரிந்த கல்லை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்த ஞாயிறு மொறட்டுவையிலிருந்தெல்லாம் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கல்லில் ஒரு கெளுத்திகூடப் படவில்லை.

அந்தக் கற்களின் ராசா ஷெல்டன். முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன், வாய் மட்டும் எக்ஸ்பிரஸ் ரயில். நல்ல பிள்ளைதான், ஆனால் ஒரு பகிடி கிடைத்துவிட்டால் அதன் உயிர் போகும்வரை விடமாட்டான். அவனுக்கு யோசெப்பின் கொடுத்த பகிடிதான் இந்தக் கதையின் தொடக்கம்.

போன வருடம் ஒரு ஞாயிறு. கொழும்பு நோக்கி ரயில் வந்தது. ரயில் வந்தால் அங்கே ஒரு வழக்கம். தண்டவாளப் பக்கம் நீண்டிருக்கும் தடிகளையும் வாளிகளையும் இழுத்துக்கொண்டு நாற்பது பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பார்கள். யோசெப்பின் நுனிக் கல்லில் நின்றதால் திரும்பவில்லை. அந்த நேரம் பார்த்து அவளுடைய தூண்டிலை ஏதோ பறித்துக்கொண்டு ஓடியது. இருபது கெஜத்துக்கு அப்பால் கடல் வெடித்து, வெள்ளியாக ஒரு கொடுவா முழு உடம்போடு வெளியே எழும்பித் தலையை உதறியது. சிங்களவர் மோதா என்று சொல்லும் மீன். ஆற்றுவாயிலும் களப்பிலும் கிடைக்கும் என்பார்கள், கொழும்பில் அதைக் கண்டதாகச் சொன்னவன் எவனுமில்லை. வேறு யாரோ போட்டிருந்த நூலில் அவளுடைய தங்கூசி நூல் உரசி அறுந்தது. ரயிலும் போய் முடிந்தது.

"கொடுவா!" என்று கத்தினாள்.

"கல்லில மாட்டி அறுந்திருக்கும் அன்டி," என்றான் ஷெல்டன். "கொடுவாவாம் கொடுவா! இந்தக் கடலில ஷொப்பிங் பேக் தான் பாயும்."

அன்றைக்கு வைத்த பெயர்தான் 'கொடுவா அன்டி'. ஒரு வருடமாக அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் நடந்தது. தூண்டில்காரர் என்றால் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற சாதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் யோசெப்பின் நெத்தலியை நெத்தலி என்றே சொல்லுகிறவள். அதுவரை பொய்க்காரி என்று அவளை ஒருவரும் சொன்னதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற புருஷன் றேமண்டும் வீட்டில், "நீ கண்டது சீலாவா இருக்குமப்பா," என்று சிரித்தபோது அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஒரேயொரு கொடுவாவைக் கொண்டுபோய் அந்தக் கற்களில் கிடத்திக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு தூண்டிலை முறித்து அடுப்பில் வைத்தாலும் சரி என்று இருந்தாள்.

அவளுக்கு வழி காட்டியது ஓர் அமெரிக்கன். கந்தோரில் மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டபடி போனில் வேட்டைக்காரர் படங்கள் பார்ப்பாள். அதில் ஒருவன் எல்க் வேட்டைக்குப் போகிறான். நம்முடைய மரைமானைப் போன்றது, ஆனால் இரண்டு மடங்கு. அதுவும் பொதுக் காடு, யாரும் போகலாம், ஆகவே எல்லாரும் போகிறார்கள். மலைக்கு மலை துவக்குக்காரன். மிருகம் ஒன்றைக் காணோம். கடைசியில் அந்த மனிதன் எங்கே கண்டுபிடிக்கிறான்? வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், கக்கூசுக்குப் பக்கத்துப் பற்றைக்குள்! எல்லாரும் அதைத் தாண்டித் தாண்டித்தான் மலைக்குப் போனார்கள். நாற்றத்துக்குப் பயந்து ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை.

யோசெப்பின் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள். நாற்பது ஈயக்கட்டி தண்ணீரில் விழுந்தால் சின்ன மீன் எங்கே ஓடும்? அதன் பின்னால் பெரியது எங்கே போகும்? வெள்ளவத்தையில் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் தாண்டுகிற இடம் எது?

வாய்க்கால் வாய். நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துவந்து, ரயில் பாலத்துக்குக் கீழால் கடலில் விழுகிற இடம். ஷம்பூ போத்தல், ஒற்றைச் செருப்பு, தேங்காய் மட்டை. அங்கே தூண்டில் போட்டால் மீன் படுவதற்கு முன் காய்ச்சல் பட்டுவிடும் என்று ஷெல்டனே சொல்வான்.

ஐந்து ஞாயிறு போனாள். மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று கற்களைத் தாண்டி நடந்து, பாலத்துக்கு அப்பால் போனதும் சேலைத்துண்டை அவிழ்ப்பாள். ஐந்து ஞாயிறும் தூண்டிலில் பட்டது பை, பை, ஒரு குழந்தைக் காலுறை, மறுபடியும் பை.

ஆறாவது ஞாயிறு ஐப்பசி மழை. இரவு முழுக்கக் கொட்டி விடியத்தான் ஓய்ந்திருந்தது. அவள் தாண்டிப் போனபோது கற்களில் இன்னும் ஒருவரும் வந்திருக்கவில்லை. வாய்க்கால் மணல் திட்டை உடைத்துக்கொண்டு தேநீர் நிறத்தில் பாய்ந்தது. நீலத்தண்ணீரும் தேநீர்த்தண்ணீரும் முட்டுகிற கோட்டில் சின்ன மீன்கள் நடுங்கிக்கொண்டு நின்றன. யோசெப்பின் முதலில் கேட்டாள், பிறகுதான் கண்டாள். ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அறைந்தது போல ஒரு சத்தம். சின்ன மீன்கள் நின்ற இடம் வெறுமையாக இருந்தது.

தூண்டிலில் கோத்த ரப்பர் மீனை எறிந்தாள். மூன்று தரம் சுற்றினாள். நான்காவது சுற்றில் தடி வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது.

அதை நான் எப்படிச் சொல்வேன்? கடலுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது கடலுக்கு ஓடியது, திரும்பி வாய்க்காலுக்கு ஓடியது, பாலத்தின் உடைந்த கொங்கிரீட் கட்டையைச் சுற்றப் பார்த்தது. யோசெப்பின் யோசிக்கவில்லை. பாதம்வரை நீண்ட சட்டையோடு இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் இறங்கி, தடியைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டையைச் சுற்றி நடந்தாள். அந்த நாற்றம், அந்தச் சேறு, ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. பத்து முழத்துக்கு முன்னால் அது எழும்பியது. திறந்த வாயும், சிலிர்த்த முள்ளும், காலை வெயிலில் பொன்னாய் எரிந்த கண்ணும். "யேசுவே!" என்றாள். செபமாகச் சொல்லவில்லை, வேறு சொல் வரவில்லை.

கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அது மணலில் கிடந்தது. நிமிர்த்தி வைத்தால் அவள் இடுப்புக்கு வரும். ஒவ்வொரு செதிலும் ஒரு பெரிய காசளவு. இந்த அழுக்குக்குள்ளிருந்து இவ்வளவு சுத்தமான ஒன்று எப்படி வந்தது என்று முழங்காலில் இருந்து பார்த்தாள். பேருந்தும் ரயிலும் கட்டடமுமாக இரைகிற நகரத்தின் காலடியில், இது யாருக்கும் தெரியாமல் வளர்ந்து அரசாண்டிருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கல்லை எடுத்துத் தலையில் ஒரே அடியாய் அடித்தாள். அதைத் துடிக்கவிட்டுப் பார்ப்பவள் அல்ல அவள்.

சேலைத்துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோரம் நடந்தாள். பாலத்தைத் தாண்டியதும் தூரத்தில் நாற்பது தடியும் தெரிந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காட்டினால் எங்கே என்று கேட்பார்கள். அடுத்த ஞாயிறு நாற்பது தூண்டிலும் வாய்க்கால் வாயில் நிற்கும். நாற்பதுக்குத் தப்பி ஒதுங்கிய மீனுக்குப் பிறகு ஒதுங்க இடமேது? காட்டாமல் விட்டால் சாகும்வரை கொடுவா அன்டி. மரைன் டிரைவுக்கு ஏறி ஆட்டோ பிடித்தால் ஒரு குஞ்சும் காணாது. ஒரு கால் தெருப்பக்கம் திரும்பியது, மறு கால் திரும்பவில்லை. ஒரு வருடம் சிறிய காலமா?

நேரே போய் ஷெல்டனின் கல்லில் மீனைக் கிடத்தித் துண்டை விலக்கினாள்.

ஒருவர் பின் ஒருவராக நூலைச் சுற்றி எடுத்தார்கள். ரயில் வந்தாலொழியத் திரும்பாத தலைகள் எல்லாம் அந்த மீனைப் பார்த்து நின்றன. ஷெல்டனின் எக்ஸ்பிரஸ் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அப்படி ஒரு காட்சியை அந்தக் கடற்கரை கண்டதில்லை. கொள்ளுப்பிட்டியில் துணிக்கடையை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு நாள்தோறும் தூண்டிலோடு இருக்கும் பெரியவர் ஸாலிஹ் நானா மட்டும் குனிந்து மீனைத் தொட்டு, "மாஷா அல்லாஹ்," என்றார்.

"கொடுவா தான்," என்றான் ஷெல்டன் கடைசியில். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்டி. எங்க பட்டது?"

நாற்பது சோடிக் காது. யோசெப்பின் அவனுடைய காலடியைக் காட்டினாள்.

"இந்தக் கல்லில தான். நீங்க ஒருத்தரும் வரமுதல், விடியச்சாமம் வந்தனான்."

ஒருவரும் சந்தேகப்படவில்லை. "நான் சொன்னனான் தானே, இந்தக் கல்லு விசேஷமெண்டு!" என்று ஷெல்டன் கத்தியதும், நாற்பது பேரும் அந்த ஒரு கல்லைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு எறியத் தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னபோது ஒருவன் நம்பவில்லை, பொய்யைச் சொன்னால் நாற்பது பேரும் நம்புகிறார்கள் என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஸாலிஹ் நானா எறியப் போகவில்லை. அவளுடைய சட்டையைப் பார்த்தார். இடுப்பிலிருந்து பாதம்வரை வாய்க்கால் சேறு கறுப்பாக அப்பியிருந்தது. அந்தக் கற்களில் அப்படிச் சேறு எங்கேயும் கிடையாது. தன்னுடைய பெரிய துவாயை எடுத்து நீட்டினார்.

"இத இடுப்புல சுத்திக்கோங்க தங்கச்சி. யாரும் பாக்க முந்தி."

யோசெப்பினுக்கு முகம் சிவந்துவிட்டது. வாங்கிச் சுற்றிக்கொண்டாள்.

"போன வருஷம் நீங்க கண்டதும் கொடுவா தான்," என்றார் அவர் மெதுவாக. "எல்லாரும் ரயிலப் பாத்தாங்க. நான் பாக்கல்ல."

"கண்டனீங்களா?" என்று நிமிர்ந்தாள். "பிறகேன் நானா ஒரு சொல்லுச் சொல்லேல்ல? ஒரு வருஷம் என்னைப் பொய்க்காரியாக்கி வச்சிருந்தாங்களே!"

"சொல்லியிருந்தா இவங்க தேடத் தொடங்கியிருப்பாங்க. முப்பது வருஷமா ஞாயிறு தவிர மத்த நாள்ல நான் போடுறது அந்த வாய்க்கால்ல தான்."

அவரைத் திட்டுவதற்கு வாயெடுத்தாள். முதுகுக்குப் பின்னால் ஷெல்டனின் கல்லில் நாற்பது பேரும் தள்ளுமுள்ளுப்படுகிற சத்தம் கேட்டது.

"நீங்க பெரிய பாவி, நானா," என்று மட்டும் சொன்னாள்.

"ஓம் தங்கச்சி," என்றார் ஸாலிஹ் நானா. "இப்ப ரெண்டு பேர்."