தங்கச்சிக்கு ஒரு ஆள் பார்த்தது

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வரி எழுதினாலும் மனைவியிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தனுப்புவேன். படித்தவர்கள் எழுதும் இடத்தில் வந்து உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமான விஷயம் என்பதால்தான் எழுதுகிறேன். எழுதும்போது எதிரில் இருந்து யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

லண்டனில், மோர்டனில் நான் வேலைக்குப் போகும் பஸ் தரிப்பில் காலையிலேயே கஞ்சா மணக்கும். தலையை மூடிய சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பொடியன் ஒரு மூலையில் நின்று புகைத்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பொலிஸ்காரர் இருவர் அந்த வழியாக நடந்து வந்தார்கள். நான்தான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அவர்கள் அவனோடு ஏதோ பேசினார்கள், அவன் அதைக் காலால் மிதித்து அணைத்தான், அவர்கள் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே கஞ்சா வைத்திருப்பதைச் சிறிய குற்றமாகக் குறைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியும். கொழும்பில் இருந்தபோது அம்மாவின் கால் வீக்கத்துக்கு மூலிகைத் தூள் வாங்கிக்கொண்டு வந்த என்னைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். தூளைக் கிண்டினார்கள், மணந்தார்கள், பொழுதுபடும்வரை வீதியோரம் இருத்தி வைத்தார்கள். அன்றிலிருந்து பொட்டலம் என்றாலே எனக்குப் பயம். அப்படிப்பட்டவன்தான் சில மாதங்கள் லண்டனில் இருந்துகொண்டு கஞ்சாச் செடி வளர்க்க ஆள் தேடினேன்.

என் தங்கச்சி ரஞ்சி கனடாவில், டொரொண்டோவுக்குப் பக்கத்தில் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். அவளுக்கு நரம்பு நோய். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். கால்கள் மரக்கட்டை போல இறுகிக்கொள்ளும். பிடிப்பு வந்தால் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். நான் என்ன செய்ய முடியும்? டெலிபோன் கார்ட் முடியும்வரை “பிள்ளை, பிள்ளை” என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: “அண்ணை, டாக்டர் ஒரு மருந்துக்கு எழுதித் தாறன் எண்டவர். சிரிக்கக் கூடாது.”

“என்ன மருந்து?”

“கஞ்சா.”

நான் சிரிக்கவில்லை. மனைவி எங்கே நிற்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

“அரசாங்கமே விடுது அண்ணை. வீட்டில வளர்க்கலாமாம். எனக்கு நிண்டு தண்ணி விட ஏலாதுதானே, அதுக்கு ஒராளை நான் தெரிவு செய்யலாம். அந்த ஆள் எனக்காக வளர்த்துத் தருவார்.”

“அப்ப என்ரை பேரைக் குடு. நான் வாறன்.”

“கனடாவில இருக்கிற ஆளா இருக்கவேணுமாம் அண்ணை.”

மற்ற நிபந்தனைகளையும் சொன்னாள். பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும். கடந்த பத்து வருடத்தில் போதைப்பொருள் குற்றம் எதுவும் இருக்கக் கூடாது. அதற்குப் பொலிசிடம் எழுதி வாங்க வேண்டும். ஒருவர் ஒரு நோயாளிக்கு மட்டும்தான் வளர்க்கலாம், இன்னொருவருக்குச் சேர்த்து வளர்க்க முடியாது. கேட்கக் கேட்க எனக்கு அது நல்ல சட்டமாகத்தான் பட்டது. லண்டனில் அப்போது இதே நோய் உள்ளவருக்கு டாக்டர் இப்படி எழுதிக் கொடுக்க வழியே இல்லை. பஸ் தரிப்பில் நிற்பவனுக்குக் கிடைக்கிறது, படுக்கையில் கிடப்பவருக்குக் கிடையாது.

ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள், ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் அவளுடைய ஆள் ஒருவராவது இருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அக்கா பாரிசில், தம்பி சுவிசில், அம்மா கொழும்பில், நான் இங்கே. சண்டைக்குத் தப்பி வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரன் எந்த நாட்டுக்கு ஏற்றினானோ அந்த நாட்டில் இறங்கினோம். ரஞ்சி மட்டும் கலியாணம் செய்து கனடாவுக்குப் போனாள். மாப்பிள்ளை குகனை நான்தான் இங்கிருந்து தொலைபேசியில் விசாரித்துப் பேசி முடித்தேன். அவளுக்குக் கால் தடுமாறத் தொடங்கிய இரண்டாம் வருடம் குகன் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அவளுக்கு அங்கே பழக்கமாயிருந்தவர்கள் எல்லாம் அவர் பக்கத்து ஆட்கள். அவர்களும் வராமல் விட்டார்கள்.

ஆகவே ஆள் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தேடல் ஒன்றுதான். எந்த ஊர், என்ன குடும்பம், என்ன பழக்கம் என்று கேட்பது. தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடைக்காரர் சிவமண்ணைக்கு டொரொண்டோவில் நிறையச் சொந்தம். அவரிடம் போனேன். கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

“சிவமண்ணை, கனடாவில ஒரு நல்ல ஆள் வேணும். பொலிஸ் கேஸ் ஒண்டும் இருக்கக் கூடாது. கெட்ட பழக்கம் இருக்கக் கூடாது.”

“தங்கச்சிக்கோ? முந்தினது விவாகரத்து எழுதித் தீர்ந்திட்டுதோ?”

“கலியாணத்துக்கு இல்லை அண்ணை. ஒரு உதவிக்கு.”

“உதவிக்கு ஏன்டா பொலிஸ் கேஸ் பாக்கிறாய்? வெக்கப்படாதை. இப்ப ரெண்டாந்தரம் ஒரு குறையில்லை. என்ன வயசு மட்டில பாப்பம்?”

“பதினெட்டுக்கு மேல எண்டாக் காணும்.”

சிவமண்ணை கத்தரிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பின்னால் பால்மாவோடு நின்ற பெண்ணும் பார்த்தாள். அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய், வாழைக்குலைகளுக்குப் பக்கத்தில் வைத்துக் காதுக்குள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நோவோ?” என்று மட்டும் கேட்டார்.

நான் வேலை செய்யும் பெட்ரோல் நிலையத்துக்குத் தினமும் ஜோர்ஜ் என்ற கிழவர் பேப்பர் வாங்க வருவார். தோட்டக்காரர், தக்காளி வளர்ப்பவர். அந்தச் செடிக்கு நிறைய வெளிச்சம் வேண்டுமா, தண்ணீர் எவ்வளவு என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தான் அதை எப்போதோ விட்டுவிட்டதாகவும், தேவையென்றால் கார் கழுவும் பொடியன்களைக் கேட்கும்படியும் சொன்னார். தங்கச்சிக்கு என்றேன். “ஓம், ஓம், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்” என்ற மாதிரித் தலையாட்டினார். அதன்பிறகு மீதிக்காசு வாங்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணடிப்பார். விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. தமிழ் போதுமாயிருந்தாலும் சொல்லியிருப்பேனோ தெரியாது.

சிவமண்ணை தன் ஒன்றுவிட்ட அண்ணனின் நம்பரைத் தந்தார். ஸ்கார்பரோவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாஸ்டர் என்று கூப்பிட்டேன். ஊரைக் கேட்டார், அப்பாவின் பெயரைக் கேட்டார், தூரத்துச் சொந்தம் ஒன்றைக் கண்டுபிடித்தார். “மருந்துதானே தம்பி, நான் செய்யிறன்” என்றார். அன்று நான் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். என்ன காரியத்துக்கு என்று ஐயர் கேட்டபோது தங்கச்சியின் சுகத்துக்கு என்றேன். அது பொய்யில்லை.

அடுத்த கிழமை மாஸ்டரே தொலைபேசி எடுத்தார். “தம்பி, குறை நினையாதேங்கோ. மகளுக்குக் கலியாணம் பேசி வருகுது. பொலிசில போய் என்ரை பேருக்குக் கடிதம் எடுக்கவேணுமாம். ஏன் எடுக்கிறியள் எண்டு ஆராவது கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?” எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பரவாயில்லை மாஸ்டர் என்றேன்.

அதை ரஞ்சியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் இருவரை விசாரிக்கிறேன், ஒருவர் நீர்வேலிப் பக்கம், நல்ல குடும்பம் என்று தொடங்கினேன். அவள் இடைமறித்தாள்.

“மாப்பிள்ளை பாக்கிற மாதிரிப் பாக்காதேங்கோ அண்ணை. ஒருக்காப் பாத்தது காணும்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, “நான் ஆளைத் தெரிவு செய்திட்டன்” என்றாள்.

“ஆர்?”

“அவர்தான். குகன்.”

ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். என் மகள் வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்குக்கு ஆட்களை அழைக்கும்போதுகூட அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்தவன் நான்.

“அண்ணை, இருக்கிறியளோ? அந்த மனுசன் புருசனா இருக்கத்தான் சரிவரேல்லை. செடிக்குத் தண்ணி விடுவார். அந்தக் கருவேப்பிலை இன்னும் உயிரோட இருக்காம்.”

அது எனக்குத் தெரியும். குகன் வீட்டைவிட்டுப் போனபோது தன் உடுப்புகளையும், பனிக்காலத்தில் வீட்டுக்குள் வைத்து அவர் வளர்த்த கறிவேப்பிலைச் செடியையும்தான் எடுத்துக்கொண்டு போனார். அதைச் சொல்லித்தான் அவள் அன்றைக்கு அழுதாள்.

“உன்னை விட்டிட்டுப் போனவன்ரை கையால...”

“எனக்குக் கால் இழுக்குது அண்ணை. உங்களுக்கு நான் சொல்லி விளங்காது.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “ஆனா அவர் ஓம் எண்டு சொல்லுறார் இல்லை. அண்ணை என்ன நினைப்பார் எண்டு யோசிக்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை கதைச்சா வருவார்.”

சட்டத்தில் அண்ணனின் சம்மதத்துக்கு இடமில்லை. கேட்பவளும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. ஆனால் அந்த மனிதர் எனக்காகக் காத்திருக்கிறார். இரண்டு நாள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் வேலையால் வந்து, சப்பாத்துகூடக் கழற்றாமல் குசினியில் அடுப்புப் பக்கத்தில் நின்று குகனுக்கு எடுத்தேன்.

“ஹலோ” என்றார். நான்தான் என்றேன். முன்பென்றால் “மச்சான்” என்றுதான் தொடங்குவார். இப்போது முறை சொல்லவும் இல்லை, பெயர் சொல்லவும் இல்லை. முன்னால் யன்னல் விளிம்பில் எங்கள் கறிவேப்பிலைச் சாடி இருந்தது. இந்த வருடமும் பட்டுப்போய்க் குச்சி மட்டும் நின்றது.

“கருவேப்பிலை இங்கை குளிருக்கு நிக்குதில்லை” என்றேன். “நீங்கள் எப்பிடி வைச்சிருக்கிறியள்?”

அவர் மூச்சு விடுவது கேட்டது. “கனக்கத் தண்ணி விடுவியள்போல. குளிருக்க அதுக்குத் தண்ணி வேண்டாம், வேர் அழுகிப் போம். யன்னல்ல வையாதேங்கோ, கண்ணாடிக் குளிர் இலையில படக்குடாது. வெயில் இல்லாட்டி மேலால ஒரு லைட் போடுங்கோ.” சொல்லச் சொல்ல அவர் குரல் இளகியது. சாடியின் அடியில் என்ன கல் போடுவது, எப்போது நுனி கிள்ளுவது என்றெல்லாம் சொன்னார். நான் ஓம், ஓம் என்றேன். கார்டில் நேரம் முடியப்போகிறது என்று அந்த இயந்திரப் பெண் இடையில் சொன்னாள்.

“அப்ப ரஞ்சின்ரை செடிக்கும் அப்பிடித்தானோ?” என்று கேட்டேன்.

“பாத்துக்கொள்ளுறன் மச்சான்” என்றார். லைன் அறுந்துவிட்டது.

நான் சாடியை யன்னலிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அந்த வீட்டில் நிற்கவேண்டியவன் நான். நிற்கப்போகிறவர் அவர். எனக்கு மோர்டனில் வீடு இருக்கிறது, விசா இருக்கிறது, ஸ்கார்பரோவில் ஒரு செடிக்குத் தண்ணீர் விட உரிமை இல்லை. பட்டுப்போன குச்சிக்கு மேலே லைட்டைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த நாள் குகன் பொலிசில் போய்த் தன் கடிதத்துக்கு எழுதிக் கொடுத்ததாக ரஞ்சி சொன்னாள். மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். பஸ் பிந்தி வந்தது; அதுவரை மூலையில் அந்தப் பொடியனின் புகை மணந்துகொண்டிருந்தது.