காமாட்சி வாயில் வந்த சாத்தமுது

கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசத் தொடங்கும், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு வக்கீல் வீட்டு ரேடியோ. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவர் அதை ஜன்னலோரம் நகர்த்தி வைத்துவிடுவார். தெருவே அவர் வாசலில் கூடி, துறையூர் மளிகைக்கடைக்காரர் குடும்பத்தைப் பற்றி வாராவாரம் வந்த தொடர் நாடகத்தைக் கேட்கும். அந்த வீட்டு மருமகள் காமாட்சி மாமியாரிடம் படும் பாட்டைக் கேட்டு, கோயில் கைங்கரியத்திலிருந்த என் அப்பாவே, "ஐயோ பாவம், என்ன பொறுமை அவளுக்கு!" என்று உருகிப்போவார்.

காமாட்சியாகப் பேசியவள் அவருடைய சொந்தத் தங்கை என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ரங்கூனுக்குப் போன புருஷன் திரும்பாததால் எங்களோடு இருந்த கோமளா அத்தை, ரேடியோவில் பஜனைக் கோஷ்டியோடு பாடுவதாகச் சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறுவாள். பாடினால் கௌரவம், நடித்தால் "கூத்தாடி". இந்த நியாயத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, எனக்கு இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நாடகம் அப்போது நேரடி ஒலிபரப்பு. வாய் தவறினால் தவறியதுதான். ஒரு வாரம் மாமியார், "அடுப்பிலே என்னடி?" என்று அதட்ட, காமாட்சி பதறிப்போய், "சாத்தமுது கொதிச்சுடுத்து, இதோ வரேன்!" என்றாள். ரசத்தைச் சாத்தமுது என்பது ஐயங்கார் வீடுகளில்தான். துறையூர் மளிகைக்கடைக்காரர் வீட்டில் ஏது சாத்தமுது? தெருவே குலுங்கிச் சிரித்தது. "ஓய், இவ நம்மாத்துப் பொண்ணுன்னா!" என்றார் வக்கீல். அப்பா சிரிக்கவில்லை. அது யார் குரல் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது.

அத்தை திரும்பியதும், "மானத்தை வாங்கிட்டியேடி! இனிமே அந்தப் பக்கம் போகப்படாது" என்று அப்பா குதித்தார். அவள் அப்பா காலில் விழப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். "தப்புதான் அண்ணா, ரசம்னு சொல்லியிருக்கணும்" என்றாள் அத்தை. இன்னொரு தரம் இப்படி வாய் குழறினால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக நாடகத்தை நடத்துபவர் சொல்லியிருந்தாராம்; அவள் கவலையெல்லாம் அதுதான்.

மறுநாள் முதல் வீட்டில் துறையூர்ப் பேச்சு. "உட்காருங்க, ரசம் ஊத்தட்டுங்களா?" என்று சொந்த அண்ணனையே கேட்டாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, "இதென்ன கிருகமா, சத்திரமா?" என்று கத்தினார். "வாய் பழகணுமே அண்ணா" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அம்மா தொடையில் கிள்ளினாள்.

வெள்ளிக்கிழமை அப்பா வாசலை மறித்தார். "போனா திரும்பி இந்த ஆத்துக்கு வராதே!" வெளியே கிளம்புகிறவர்கள் எங்கள் பக்கம் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். அத்தை தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "போறேன் அண்ணா" என்றாள்.

அன்று சாயங்காலம் காமாட்சி ஒரு சொல் பிசகாமல் பேசினாள். பிறகு உறையூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, பல வருஷங்கள் நாத்தனாராக, மாமியாராக, மகாராணியாக விதவிதமாகப் பேசினாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவேயில்லை, அப்பாவும் கூப்பிடவில்லை.

போன மாதம் எங்கள் தெரு ஜவுளிக்கடையைத் திறந்துவைக்க டி.வி. சீரியல் நடிகை ஒருத்தி வந்தாள். மேளமென்ன, மாலையென்ன! எங்கள் வீட்டுப் பிள்ளைகளே முண்டியடித்துப் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெண் நன்றாயிருக்கட்டும். நம் வீட்டிலும் ஒரு நடிகை இருந்தாள் என்று நான் சொன்னதும், "அவங்க பேசினதைப் போடுங்களேன், கேட்கலாம்" என்றார்கள். எதைப் போடுவது? யாரும் எதையும் பதிந்து வைக்கவில்லை. வீட்டையே விட்டுவிட்டுப் போய்ப் பேசினாளே, அதில் ஒரு வரிகூட எங்கும் இல்லை.