நாலு மணி வெயில்ல நின்னது

பேய் கீய்னு எவனாச்சும் ஆரம்பிச்சா எழுந்து போய்டுற ஆளு நான். நீங்களும் நம்ப மாட்டீங்க, பரவால்ல, நடந்தத நடந்தபடி சொல்றேன்.

என் வேலை தூசி அளக்கறது. தேர்வாய் கண்டிகைல ஒரு காலி கம்பெனி மொட்ட மாடில மெஷின் வெச்சிருந்தோம். அது பகல் பூரா சூரியன் பக்கமே திரும்பிக்கினு இருக்கும், காத்துல பறக்கற தூசி எவ்ளோ வெளிச்சத்த தடுக்குதுன்னு கணக்கெடுக்கும். அது ஆடி மாசம், காத்து மண்ண வாரி எறைக்குது. தூசின்னா வெளிச்சம் மங்கும், அவ்ளோதான். ஆனா நாலு நாளா சாயங்காலம் நாலு மணிக்கு வெளிச்சம் சுத்தமா நின்னு பூடுது, பத்து நிமிஷம் கழிச்சு தானா வருது. மேகமும் கிடையாது. லென்சுக்கு முன்னாடி எவனோ வந்து நிக்கறா மாதிரி.

ஆபீஸ்ல சார் என்னத்தான் சந்தேகப்பட்டாரு, மெஷின மூடி வெச்சுட்டு தூங்குறேன்னு. நான் வாட்ச்மேன் ரமணய்யாவ சந்தேகப்பட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் மொதல்லேந்தே ஆவாது, மாடி சாவி வேற அவராண்ட ஒண்ணு இருந்துச்சு. அவருதான் அங்க துணி காயப் போடறாருன்னு சாராண்ட போட்டுக் குடுத்தேன். மறுநாளே அவர நின்னுக்க சொல்லிட்டாங்க. ரெண்டு பொண்ணு படிக்குது அவருக்கு.

மனுஷன் சண்டை போடல. "இன்னிக்கு ஒரு நாள் என்கூட மேல வந்து உக்காரு நைனா, அப்புறம் நானே வேலைய வுட்டு பூடறேன்"னாரு.

மூணரைக்கு ஏறினோம். கதவ உள்ள தாப்பா போட்டு, அதுலயே முதுக சாச்சு ரெண்டு பேரும் உக்காந்தோம். நான் அவரு கையத்தான் பாத்துக்கினு இருந்தேன். சரியா நாலு மணி, லேப்டாப்ல வெளிச்சத்தோட நம்பரு சடார்னு எறங்கிச்சு. எங்க மூஞ்சில வெயிலு சுள்ளுன்னு அடிக்குது, எதிர்ல ஒருத்தனும் இல்ல, லென்ஸ் மேல மட்டும் நெழலு. ரமணய்யா என் முழங்கைய புடிச்சாரு.

நெழலு போனப்புறம் கிட்ட போனோம். மெஷினுக்கு மேற்கால அஞ்சாறு அடி தள்ளி, தரைல படிஞ்ச செம்மண் தூசில ரெண்டு வெறுங்கால் தடம். வந்த தடமும் இல்ல, போன தடமும் இல்ல. அடிக்கற காத்துல எங்க செருப்புத் தடமே அழியுது, அது அழியல.

அங்கியே நின்னு சாருக்கு போன் போட்டு, தப்பு என்னுதுதான், லென்ஸ தொடைக்காம வுட்டுட்டேன்னு சொன்னேன். ரமணய்யா வேலை தப்பிச்சுது, என்ன திருவள்ளூர் பக்கம் மாத்திட்டாங்க. மாடிக் கதவுக்கு அவரு ஆணி அடிச்சுட்டாராம்.

வெறும் நெழலுன்னு நானும் வுட்ருப்பேன். ஆனா அன்னிக்கு ஒரு வீம்புல அந்தத் தடத்துக்குப் பக்கத்துலயே போய் நின்னு பாத்தேன். என் தல நெழலு லென்ஸ் இருக்கற ஸ்டாண்டுல பாதி ஒயரம் கூட ஏறல. லென்ஸ மறைக்கணும்னா ஆளு ஒம்போதடியாச்சும் இருக்கணும். அந்தக் கால் தடம் என்னமோ என் உள்ளங்கைக்குள்ள அடங்கிடும்.