அழ வைத்த டொக்டர்

பல்லே முளைக்காத பிள்ளையைப் பல் டொக்டரிடம் ஏன் அனுப்பினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மேலுதடும் அண்ணமும் பிளந்து பிறந்த மகளை, ஒரு கிழமைகூட ஆகாதவளை, அரியாலையிலிருந்து ஓட்டோவில் கொண்டுபோனேன்.

டொக்டர் அம்மா குள்ளமானவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். பால் குடிக்க வசதியாக அண்ணத்துக்கு ஒரு மூடி செய்யவேண்டுமாம். அதற்கு அச்சு எடுக்கவேண்டுமாம். பசை நிரப்பிய சின்னக் கரண்டி வாய்க்குள் போனதும் மகள் வீரிட்டாள். நான் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தேன். அவள் அடங்கியதுதான் தாமதம், டொக்டர் அவள் உள்ளங்காலில் சுண்டினார். மறுபடி அலறல்.

"என்ன டொக்டர், பச்சைப்பிள்ளைக்கு நோகப் பண்ணுறியள்?"

"அழட்டும் அண்ணை. சத்தம் கேட்டால்தான் பசை தொண்டையை அடைக்காமல் மூச்சுப் போய் வருகுதெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் நிப்பாட்டாதேங்கோ."

பசை இறுகும்வரை அந்த அழுகையை, கோயிலில் தேவாரம் கேட்பவர்போலக் கண்ணை மூடிக் கேட்டார். அச்சு வெளியே வந்ததும், "நல்லா அழுதிட்டாய், குஞ்சு" என்று அதே பாதத்தைத் தடவினார்.

அவரில் எனக்கு இருப்பது கோபமா நன்றியா என்று இன்னும் பிடிபடவில்லை. மகள் அழுதால் வீட்டில் எல்லோரும் ஓடுகிறார்கள். நான் அவள் சத்தமில்லாமல் கிடந்தால்தான் ஓடுகிறேன்.