கான்வாயில் கொட்டாவி

தூக்கம் வரவில்லை என்று டாக்டரைத் தேடிப் போகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று வலியப் போய்ச் சொல்லித் திட்டு வாங்குகிற தொழில் என்னுடையது. பஸ் டிரைவரின் நெஞ்சில் ஒரு பெல்ட் கட்டுவேன். அதிலுள்ள ரப்பர் வில்லைகள் இதயத் துடிப்பையும் மூச்சையும் கவனித்துக்கொண்டே இருக்கும். தூக்கம் கண்ணுக்கு வருவதற்கு முன்னாலேயே நெஞ்சுக்கு வந்துவிடுமாம்: துடிப்பு நிதானப்படும், மூச்சு நீளும். உடனே ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு சிவப்பாகும், பெட்டி கத்தும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! உங்களில் யாராவது வீடு வீடாகப் போய் வாட்டர் ஃபில்டர் மாட்டியிருந்தாலோ, மீட்டர் ரீடிங் எடுத்திருந்தாலோ, என் பாடு உங்களுக்குப் புரியும்.

நான் பிறந்து வளர்ந்தது அந்தமானில், போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில். படித்தது மெயின்லேண்டில். மிஷின் செய்கிற கம்பெனியும் மெயின்லேண்டில்தான். "உங்க ஊர்லயே வேலை" என்று அனுப்பி வைத்தார்கள். இங்கே ஒரு தனியார் பஸ் முதலாளி, பாண்டியன் என்று பெயர், தன் வண்டிகளில் மூன்று மாதம் மாட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டிருந்தார். சரியாக வந்தால் வைத்துக்கொள்வார், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். எனக்குக் கோபம் வந்தால் தமிழ் வேகமாக வரும், ரொம்பக் கோபம் வந்தால் ஹிந்தி வரும். தீவில் பிறந்த முக்கால்வாசிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. அந்த மூன்று மாதமும் நான் பேசியது பெரும்பாலும் ஹிந்தி.

பெல்ட் கட்டும் படலம்

முதல் நாள் ஷெட்டில் டிரைவர்கள் வரிசையாக நின்றார்கள். சட்டையைக் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம்; கழற்ற அவர்களுக்கு அதைவிடக் கூச்சம். எல்லாரும் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் என் சுடிதாருக்கு மேலேயே ஒரு பெல்ட்டைக் கட்டிக் காட்டி, "இதே உயரத்துல, சட்டைக்கு உள்ள" என்று பாடம் எடுத்தேன். ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய் மறைந்தார்கள்.

முதலில் திரும்பி வந்தவர் முருகேசண்ணன். காடு தாண்டி ரங்கத் ஊருக்குப் போகிற லைன் டிரைவர், சிப்பிகாட் பக்கம் வீடு, நல்ல வாட்டசாட்டமான ஆள். பெல்ட்டைத் தொப்புளுக்கு மேல் கட்டியிருந்தார். பெட்டியில் விளக்கே எரியவில்லை. "அண்ணே, மிஷின் கணக்குப்படி நீங்க உயிரோடவே இல்ல" என்றேன். நான் தள்ளி நின்று கையை ஆட்டி ஆட்டி 'இன்னும் மேலே, இன்னும் கொஞ்சம்' என்று சொல்ல, அவர் சட்டைக்குள் கையை விட்டு, லாரியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பச்சை எரிந்ததும் ஷெட்டே கைதட்டியது. முருகேசண்ணன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் வீட்டுக்காரிகூட என் நெஞ்சை இவ்வளவு நேரம் கவனிச்சது இல்ல மேடம்" என்றார்.

பச்சைப் பாக்கு

முதல் வாரம் முடிந்ததும் கம்பெனி இன்ஜினியர் போன் செய்தார். ரிப்போர்ட்டில் முருகேசண்ணனின் இதயம் தடதடவென்று அடிக்கிறதாம். "அவர் வண்டி ஓட்டறாரா, இல்ல வண்டிக்கு முன்னாடி ஓடறாரா?" என்று கேட்டார். விசாரித்துப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான்: சௌல்தாரித் தோட்டத்துப் பச்சைப் பாக்கு. ஈரம் காயாத பாக்கு. ஒரு துண்டு போட்டாலே காது சூடாகும், நெற்றி வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் கன்னம் காலியாக இருப்பதே இல்லை. உள்ளே தூக்கம் ஒரு பக்கம் இழுக்க, பாக்கு ஒரு பக்கம் விரட்ட, என் மிஷின் நடுவில் ஏமாந்துபோய்ப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு வாரம் பாக்கை நிறுத்திப் பாருங்கள் என்று கெஞ்சினேன். நான் சொன்னதை எல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக எட்டித் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பாக்கை நிறுத்துனா நான் தூங்கிருவேன். தூங்குனா உங்க மிஷின் கத்தும். அது கத்தக் கூடாதுன்னுதானே மேடம் பாக்கே போடறேன்?"

வண்டி தானாக ஓடிய நாள்

கொஞ்ச நாளில் முதலாளி என்னை ஆபீஸுக்கே கூப்பிட்டுவிட்டார். மேஜை மேல் ரிப்போர்ட். காட்டு ரோடு தொடங்குகிற ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டி நுழைந்ததிலிருந்து ரங்கத் போய்ச் சேரும்வரை டிரைவர் முருகேசன் ஆழ்ந்த நித்திரை. சும்மா கண் அசந்த தூக்கம் இல்லை, குழந்தை தூங்குகிற தூக்கம். வண்டி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உடனே பொறி தட்டியது. அந்த வண்டிக் கண்டக்டர் பிமலைக் கூப்பிட்டு, "சட்டைப் பொத்தானைக் கழட்டு" என்றேன், ஹிந்தியில். கழற்றினான். பெல்ட் அவன் நெஞ்சில் இருந்தது. இவன் தூங்கிப்போய்ப் பெட்டி கத்தியதும், முருகேசண்ணன் அதன் மேல் துண்டைச் சுற்றி வைத்துவிட்டாராம். இத்தனையையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். முதலாளி ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, "நல்லவேளை. டிரைவர் தூங்கியே வண்டி போய்ச் சேருதுன்னா இத்தனை நாள் டிரைவர்னு ஒருத்தரை எதுக்கு வச்சிருந்தேன்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றார்.

அதற்குக் காரணம்

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெளியே வந்து முருகேசண்ணனிடம் சண்டைக்குப் போனேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், என் வேலையோடு விளையாடுகிறீர்களா என்று பொரிந்து தள்ளினேன். அவர் திருப்பிக் கத்தாமல் நிதானமாகக் காரணத்தைச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. எவன் வண்டியில் மிஷின் கத்துகிறதோ அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி ஷெட்டில் சொல்லி வைத்திருக்கிறார். அவர் மகள் கல்லூரியில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

அவர் ஒரு நாள் போவார், மறுநாள் திரும்புவார், அதற்கு மறுநாள் விடிவதற்குள் மறுபடி செக்போஸ்ட் வரிசையில் நிற்பார். நடுவில் வீடு என்பது சாப்பிடவும் துணி மாற்றவும்தான். போன மாதம் காட்டுக்குள் ஒரு வளைவில் அவருக்குக் கண் சொருகியிருக்கிறது. விழித்துப் பார்த்தால் இடது பக்க டயர் ரோட்டை விட்டு இறங்கிச் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒடித்துத் திருப்பிவிட்டார். பஸ் நிறைய ஜனம் தூங்கிக்கொண்டிருந்தது, ஒருத்தருக்கும் தெரியாது.  அந்த பஸ்ஸில் என் அம்மா போயிருக்கலாம், நீங்கள் போயிருக்கலாம். இந்த ஆளை இப்படியே விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பெல்ட்டை அவர் கையில் திணித்து, இனி இது உங்கள் நெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்றேன். "கட்டிக்கிறேன் தங்கச்சி. ஆனா அது கத்துனா நான் என்ன பண்ணணும்னு அதையும் நீயே சொல்லிரு" என்றார்.

ஓரமாக நிறுத்தவும்

அதற்குப் பதில் தேடித்தான் நானே அவர் வண்டியில் ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை ரோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. நம் இஷ்டத்துக்குப் போக முடியாது. வண்டிகளை எல்லாம் வரிசையாகச் சேர்த்து, முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டியோடு, குறிப்பிட்ட நேரத்தில் கான்வாயாக அனுப்புவார்கள். முந்தக் கூடாது, நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது. அது அவர்கள் வீடு. வாசலில் நாம் வண்டியை நிறுத்த முடியாது, நியாயம்தான். பாதிக் காட்டில் பெட்டி சிவப்பாகிக் கத்தியது. அதற்குள் பதிந்து வைத்திருந்த அம்மணி கனிவான குரலில், "வாகனத்தைச் சாலையோரம் நிறுத்தி ஓய்வெடுக்கவும்" என்றாள். மறுபடி சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கே நிறுத்துவது? நான் எழுந்து நின்று அவரிடம் பேச ஆரம்பித்தேன். மகள் என்ன படிக்கிறாள், எந்த காலேஜ், வீட்டில் என்ன குழம்பு, பிமலுக்கு எப்போது கல்யாணம், வாய்க்கு வந்ததை எல்லாம். தொண்டை வறண்டுவிட்டது. படகுத்துறை வந்ததும் அவர் இறங்கிப் போய் முகத்தில் தண்ணீரை வாரி வாரி அடித்துக்கொண்டார். நான் இன்ஜினியருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அடுத்த டீக்கடையில் நிறுத்தச் சொல்லுங்கள் என்று அவர் யோசனை சொன்னார். காட்டுக்குள் டீக்கடை! முருகேசண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நிறுத்துன்னு சொல்ல ஒரு மிஷினு, நிறுத்தாதேன்னு சொல்ல ஒரு சட்டம். நடுவுல என் கண்ணு பாவம் யாரு பேச்சைத் தங்கச்சி கேக்கும்?"

முதலாளியோடு மல்லுக்கட்டு

வழி ஒன்றுதான் இருந்தது. மிஷின் காட்டுக்குள் கத்திப் பயன் இல்லை. காட்டுக்கு வெளியே கத்த வேண்டும். செக்போஸ்ட் வரிசையில் காத்திருக்கும்போதே டிரைவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, பாக்கு இல்லாமல், பெட்டி முன் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். சிவப்பு வந்தால் மாற்று டிரைவர் ஓட்ட வேண்டும். மாற்று ஆள் இல்லையென்றால் வண்டி அடுத்த கான்வாயில் போக வேண்டும். சிவப்பு வந்ததற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது. இதை முதலாளியிடம் சொன்னேன். "டிரைவரைத் தூங்க வைக்கவா மிஷின் மாட்டுனேன்?" என்று எகிறினார். நானும் எகிறினேன். பேச்சு தமிழில் தொடங்கி ஹிந்திக்குப் போய், கடைசியில் இரண்டு பேரும் என்ன பாஷை பேசுகிறோம் என்றே தெரியவில்லை.

அவர் முதலாளி ஆவதற்கு முன்னால் லாரி ஓட்டியவர். எனக்குச் சட்டென்று அது ஞாபகம் வந்தது. "சார், உண்மையைச் சொல்லுங்க. நீங்க ஓட்டுன காலத்துல உங்களுக்கு ஒரு தடவைகூடக் கண்ணு மூடுனது இல்லையா?" என்றேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். பேப்பர்வெயிட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, "ரெண்டு வாரம் பாரு. ஒரே ஒரு பாசஞ்சர் சண்டை போட்டு எனக்குப் போன் வந்துதுன்னாலும் உன் பெல்ட்டை எல்லாம் மூட்டை கட்டிக் கப்பல்ல ஏத்திருவேன்" என்றார்.

சிவப்பு

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, ஜிர்காடாங் வரிசையில் நானும் அவர் வண்டியில் இருந்தேன். மாற்று டிரைவருக்குக் காய்ச்சல், வரவில்லை. முருகேசண்ணன் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். சிவப்பு. முகம் கழுவி வந்து மறுபடி உட்கார்ந்தார். மறுபடியும் சிவப்பு. கான்வாய் கிளம்ப ஆரம்பித்தது, பின்னால் ஹாரன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே வண்டியை வரிசையிலிருந்து விலக்கி ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை என் கையில் கொடுத்தார். "வேலை போனாப் போகட்டும் தங்கச்சி, இன்னைக்கு என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் போய்ப் படுத்தார். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டார்.

கேட்க வேண்டுமா? பஸ்ஸே என் மேல் பாய்ந்தது. ஒருத்தருக்குக் கல்யாணம், ஒருத்தருக்குக் கோர்ட் வேலை. காசைத் திருப்பிக் கொடு, டிரைவரை எழுப்பு, நீ யார் என்று நாலு பாஷையில் கூச்சல். ஓர் ஆள் என் கண்ணெதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தார். நான் சாவியை மட்டும் விடவில்லை. கதவை மறித்து நின்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன்: இவர் தூங்கி விழுந்தால் உள்ளே நிறுத்த இடமில்லை, யாரும் இறங்கவும் முடியாது. அதுவரை என்னை அதிகமாகத் திட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, மடியில் வாழைக்கன்றுகளோடு இருந்தவர், திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "லேட்டாப் போனா என் மக என்னைத் திட்டுவா. போய்ச் சேராமப் போனா அவ யாரைத் திட்டுவா? கத்தாம உக்காருங்க" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூச்சல் அடங்கியது. பிமல் வாயில் விரலை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய், புதிதாக முணுமுணுத்தவர்களையும் அடக்கினான்.

அப்போது முதலாளி போன் வந்தது. சரி, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். "ஆமா சார், நான்தான் நிறுத்தினேன். அடுத்த கான்வாய்லதான் போவோம்" என்றேன்.  "முருகேசன் எங்க?" என்றார். பின் சீட்டில் தூங்குகிறார் என்றேன்.  சட்டென்று குரலைத் தாழ்த்தி, ஏதோ அவரே பஸ்ஸுக்குள் நிற்கிற மாதிரி, "எழுப்பாதம்மா" என்றார்.

டிரைவர்கள் தூங்காமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிற நான், என் உத்தியோகத்திலேயே உருப்படியாகச் செய்த காரியம், ஒரு டிரைவர் தூங்கக் காவல் நின்றதுதான்.