நீல மருந்து

என் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில், விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனி. ஆர்டர் கொடுக்க வடக்கேயிருந்து வரும் ஏஜெண்டுகள் வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காக, அறுபதுகளின் தொடக்கத்தில் முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி செய்து வைத்தார். உள்ளே கடல் மீன். குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊரில், எங்கள் வீட்டுக்கு மட்டும் தூத்துக்குடியிலிருந்து தகர டின்களில் கடல்தண்ணீர் வரும். அனுப்புவது என் அண்ணன். அங்கே மீன் சம்பந்தப்பட்ட ஆபீசில் அவருக்கு வேலை. பெருமையெல்லாம் இவருக்கு, தொட்டி கழுவுகிற வேலை எனக்கு.

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த சமயம் மீனுக்கு நோய் வந்தது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட அழகான மீன் அது. அதன் மேலெல்லாம் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் பொட்டுகள். கல்லில் போய் உடம்பை உரசியது. இரை எடுக்கவில்லை, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. என் மாமியார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, அம்மால்லா வந்திருக்கா!"

அவ்வளவுதான். தொட்டிக்குள் வேப்பங்கொத்து விழுந்தது, மஞ்சள்தண்ணீர் விழுந்தது. வீட்டில் தாளிப்பு நின்றது, கவிச்சி நின்றது. தொட்டி மீனுக்கு அம்மை போட்டதால் சந்தை மீன்களெல்லாம் எங்கள் சட்டிக்குத் தப்பின.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. தெருவில் பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை போட்டுக்கொண்டிருந்தது. என் மகளுக்கு மூன்று வயது. அந்த வீட்டில் ஒரு நோய்க்கு அம்மை என்று பேர் வைத்துவிட்டால் டாக்டர் வாசல் மிதிக்கக் கூடாது. இந்த மீனுக்கு மருந்து கொடுத்துப் பிழைக்கவைத்துக் காட்டினால், நாளைக்கு என் பிள்ளைக்காக நான் வாய் திறக்கலாம். அதற்காகவே அது பிழைக்க வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

சொல்லி அனுப்பியதும் அண்ணன் வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அம்மையும் இல்ல, கிம்மையும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்குள்ள போயி ஒட்டிக்கிட்டு இருக்கு. மீனைப் பிடிச்சு வேற கண்ணாடி ஜாடில நல்ல கடல்தண்ணியில விடு. நீலமா, கண்ணாடித் துண்டு மாதிரி கட்டியா இருக்கும்ல மயில்துத்தம், அதைத் தண்ணியில கரைச்சு, துளித்துளியா ஊத்து. கூடிப்போனா மீன் செத்துரும், பாத்துக்க."

மயில்துத்தத்துக்கு எங்கேயும் அலைய வேண்டாம், பட்டாசில் நீல வெளிச்சம் வருவதற்காகக் கம்பெனியிலேயே இருக்கும் என்று அவரே சொல்லிவிட்டுச் சாத்தூரில் ரயில் ஏறப் போனார். நான் இவரிடம் கேட்டேன். மயில்துத்தம் என்று பேர் சொல்லித்தான் கேட்டேன். ஏஜெண்ட் வருவதற்குள் மீன் நீந்த வேண்டுமே என்று இவரும் தலையாட்டினார். சாயங்காலம் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் உள்ளே மாவாக இருந்தது.

"அண்ணன் கட்டியா, கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும்னு சொன்னாகளே?"

"அரைச்சு வச்சிருப்பான். கம்பெனி வச்சிருக்கவன் எனக்குத் தெரியாதாக்கும்!"

கரைத்தேன். தண்ணீர் தெளியவே இல்லை, கலங்கலாக நின்றது. இவர் பேச்சை நம்பித் துளித்துளியாக ஊற்றினேன். மீன் ஒரு துள்ளுத் துள்ளி, ஜாடிச் சுவரில் முட்டி, வயிறு மேலே வரப் புரண்டுவிட்டது.

"அம்மாவுக்கு மருந்து குடுக்கலாமா? கோவிச்சுக்கிட்டா, எடுத்துக்கிட்டா," என்று மாமியார் தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

மிச்சப் பொட்டலத்தை இவர் முன்னால் வைத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. சிவகாசியில் மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது இல்லை, வெடிக்குள் போகிற கலவைக்குத்தான் அந்தப் பேர். இவர் கம்பெனிப் போர்மேனிடம் மயில்துத்தம் என்று கேட்காமல், "நீல மருந்து கொஞ்சம் மடிச்சுக் குடுலே" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதையே அவனும் கொடுத்திருக்கிறான். துத்தத்தோடு வெடியுப்பும் இன்னும் என்னென்னவோ கலந்து அரைத்த மருந்து.

"வெளிய சொல்லிராத. கம்பெனிக்காரனுக்கே மருந்து தெரியலைன்னு ஊரே சிரிக்கும்," என்றார்.

"ஊருக்குச் சொல்ல வேண்டாம். உங்க அம்மாட்ட மட்டும் சொல்லுங்க."

"பாப்போம்," என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதமே என் மகளுக்கு மணல்வாரி போட்டது. சிவந்த உடம்போடு காய்ச்சலில் பிதற்றினாள். காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்புறம் காதிலிருந்து சீழ் வடிந்தது. டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று மாமியார் காலில் விழுந்தேன்.

"மீனுக்குப் போட்டியே மருந்து, என்ன ஆச்சுன்னு பாத்தோம்ல? பிள்ளைக்கும் போடணுமா?"

உண்மையைச் சொன்னேன். பழியை மகன் தலையில் கட்டுகிறாள் என்றார். நான் இவரைப் பார்த்தேன். ஒரு வாய் வார்த்தை போதும், "நான்தான் மருந்தை மாத்திக் கொண்டாந்தேன்" என்று. கண்ணை என் பக்கம் திருப்பாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்தச் சோற்றைப் போட்ட என் கையை நான் இன்னமும் மன்னிக்கவில்லை.

பிள்ளை பிழைத்தாள். இடது காது போய்விட்டது. தொடக்கத்திலேயே ஊசி போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று பிற்பாடு பார்த்த டாக்டர் சொன்னார்.

அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் காதைப் பற்றி விசாரித்தார்கள். இவர் மேலே கையைக் காட்டி, "எல்லாம் அம்மா செஞ்சதுங்க" என்பார்.

"எந்த அம்மான்னு கேளுங்க," என்று அடுப்படியிலிருந்து நான் சத்தமாகவே சொல்வேன்.